நேர்கோடு தவறியது ஏன்?
ஓடுபாதையில் விலகிய மூன்று விமானங்கள் வழியே ஒரு திருப்புத்திறன் பாடம்

பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் அலகு இயக்க விதிகள். அதில் விசையின் திருப்புத்திறன் என்னும் பகுதிக்கு வந்ததும் நாம் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டுகள் கதவு, திருகுக்குறடு, ஏற்றப்பலகை. மாணவர்கள் "விசை பெருக்கல் செங்குத்துத் தொலைவு" என்று சரியாகவே எழுதிவிடுகிறார்கள். ஆனால் இதை வைத்து உலகத்தில் நடக்கும் எதை விளக்கலாம் என்று கேட்டால் பெரும்பாலும் கதவோடு நின்றுவிடுகிறார்கள்.

தருவைகுளம் போன்ற கடற்கரை ஊரில் படிக்கும் பிள்ளைகளுக்குத் திருப்புத்திறன் புதிய செய்தி அன்று. சுக்கான் பிடித்த கையும் துடுப்பு போட்ட கையும் அவர்கள் வீட்டிலேயே இருக்கின்றன. அந்த அறிவைப் பாடப்புத்தகத்தோடு இணைக்க நான்கு பாடவேளைகளில் நடத்தக்கூடிய ஒரு பாடத்தை இங்கே பகிர்கிறேன். கரு ஒன்றுதான். மேலே எழும்புவதற்காக ஓடுபாதையில் நேராக ஓட வேண்டிய விமானம் திடீரென ஒரு பக்கமாகத் திரும்பிப் பாதையை விட்டு விலகுகிறது. அது ஏன்?

படகு விபத்தையே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். நான் அதை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். கடற்கரைப் பள்ளியில் எந்த வகுப்பில் எந்தப் பிள்ளை வீட்டில் கடல் ஓர் உயிரைக் கொண்டுபோனது என்று நமக்கு எப்போதும் தெரிந்திருக்காது. அந்தப் பிள்ளையின் முன்னால் "யார் தவறு?" என்ற பேச்சை வகுப்பறையில் தொடங்கக் கூடாது. தொலைவில் நடந்த, ஒருவரும் உயிரிழக்காத நிகழ்வுகளை எடுத்துக்கொண்டால் பிள்ளைகள் அச்சமின்றி யோசிக்கிறார்கள். கீழே வரும் மூன்று நிகழ்வுகளிலும் ஒருவரும் இறக்கவில்லை என்பதைப் பாடத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

முதல் பாடவேளை: கோவா, 2016

2016 டிசம்பர் 27 அதிகாலை. கோவாவின் டபோலிம் விமான நிலையத்திலிருந்து மும்பைக்குப் புறப்பட்ட ஜெட் ஏர்வேஸ் போயிங் 737-800 விமானத்தில் 154 பயணிகளும் 7 பணியாளர்களும் இருந்தனர். ஓட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே விமானம் வலப்பக்கமாகத் திரும்பி, ஓடுபாதையை விட்டு விலகி, மண்ணில் போய் நின்றது. அவசர வழிகளில் இறங்கும்போது பயணிகள் சிலருக்குக் காயம் ஏற்பட்டது.

இதை வாசித்துக் காட்டியதும் கரும்பலகையை நான்கு பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: "பதிவானது", "நாம் ஊகிப்பது", "கணக்கு சொல்வது", "இனிச் செய்ய வேண்டியது". மாணவர்கள் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் எந்தப் பத்தியில் எழுதப்பட வேண்டும் என்று அவர்களே முடிவு செய்ய வேண்டும். "பைலட் தூங்கியிருப்பார்" என்ற குரல் கட்டாயம் வரும். தடுக்க வேண்டாம்; இரண்டாம் பத்தியில் எழுதிவிடுங்கள். பாடம் முடியும்போது அந்தப் பத்தியில் எத்தனை வாக்கியங்கள் நிலைத்தன என்று அவர்களே பார்ப்பார்கள்.

அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி: "ஒரு பொருள் தானாகத் திரும்புமா?" நியூட்டனின் முதல் விதி இங்கே வேலை செய்கிறது. நேராகப் போகும் பொருள் திரும்பியது என்றால் ஏதோ ஒரு விசை ஈர்ப்பு மையத்துக்கு விலகிய இடத்தில் தாக்கியிருக்க வேண்டும். "இரண்டு பேரு துடுப்பு போடும்போது ஒருத்தன் வேகமாப் போட்டா வள்ளம் மத்தவன் பக்கமாத் திரும்பும் டீச்சர்" என்று யாராவது சொல்வார்கள். பாடத்தின் பாதி அதிலேயே முடிந்துவிடுகிறது.

விமானத்தின் இரு இறக்கைகளிலும் ஒவ்வோர் எஞ்சின். ஜெட் எஞ்சின் மிதியை அழுத்தியதும் பாயும் மோட்டார் சைக்கிள் போன்றதன்று. குறைந்த வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும் அதன் விசிறி முழு வேகத்தை எட்டச் சில விநாடிகள் ஆகும். இரண்டு எஞ்சின்களும் ஒரே அளவு விநாடிகளை எடுத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் இந்த வகை விமானத்தில் முதலில் விசிறி வேகத்தை 40 விழுக்காட்டு அளவில் நிறுத்தி, இரண்டும் சமமாக நிலைகொண்டனவா என்று பார்த்து, அதன் பிறகே புறப்படுவதற்கான விசையைக் கொடுக்க வேண்டும் என்பது நடைமுறை. கோவா நிகழ்வில் எஞ்சின்கள் அப்படிச் சமநிலை பெறுவதற்கு முன்பே புறப்பாட்டு விசை கொடுக்கப்பட்டது என்பது விசாரணையில் தெரியவந்தது. இடப்பக்க விசை முந்தியது. மூக்கு வலப்பக்கம் திரும்பியது.

செயல்பாடு 1. ஒரு நீண்ட பெஞ்சின் இரு முனைகளிலும் இரு மாணவர்கள் நின்று தள்ளட்டும். முதலில் இருவரும் சமமாக. பிறகு ஒருவர் கையை எடுத்துவிடட்டும். பெஞ்சு எந்தப் பக்கம் திரும்புகிறது? அடுத்து இருவரும் நடுவில் அருகருகே நின்று தள்ளி, ஒருவர் கையை எடுக்கட்டும். திரும்பும் அளவு குறைகிறதா? தொலைவு என்ற சொல்லின் பொருள் சூத்திரம் இல்லாமலே விளங்கிவிடும்.

இப்போது கணக்கு. கீழே உள்ளவை பாடத்துக்காக எடுத்துக்கொண்ட முழு எண்கள். விசாரணையில் வந்தவை அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இடது எஞ்சினின் விசை 80,000 நியூட்டன். வலது எஞ்சினின் விசை 20,000 நியூட்டன். ஒவ்வோர் எஞ்சினும் நடுக்கோட்டிலிருந்து 5 மீட்டர் தொலைவில் உள்ளது.

விசைகளின் வேறுபாடு = 60,000 நியூட்டன்
திருப்புத்திறன் = 60,000 × 5 = 3,00,000 நியூட்டன் மீட்டர்

இந்த எண்ணைக் கரும்பலகையின் மூலையில் கட்டம் கட்டி விட்டுவையுங்கள். அடுத்த நாளுக்கு வேண்டும்.

இரண்டாம் பாடவேளை: சுக்கான் எப்போது கேட்கும்?

"விமானம் திரும்பினால் சுக்கானை மறுபக்கம் திருப்பி நேராக்க வேண்டியதுதானே?" இந்தக் கேள்வியை மாணவர்கள் கேட்காவிட்டால் நாமே கேட்க வேண்டும். விமானத்துக்கும் சுக்கான் உண்டு. வாலில் செங்குத்தாக நிற்கும் தகட்டின் பின்பகுதியில் அசையும் பலகை அது. காலால் மிதித்து அதை இயக்குகிறார்கள்.

செயல்பாடு 2. அகலமான தொட்டி அல்லது பள்ளியின் தண்ணீர்த் தொட்டி. தெர்மாகோலில் ஒரு சாண் நீளப் படகு. பின்புறம் பிளாஸ்டிக் அட்டையில் சுக்கான். அதை ஒரு பக்கமாகச் சாய்த்து நிலைப்படுத்துங்கள். முதலில் படகை மிக மெதுவாகத் தள்ளிவிடுங்கள். பிறகு வேகமாக. எப்போது நன்றாகத் திரும்புகிறது? படகை அசையாமல் நிறுத்திவிட்டுச் சுக்கானை மட்டும் திருப்பினால் என்ன ஆகிறது?

சுக்கான் தன் மீது பாயும் நீரையோ காற்றையோ ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. அதன் எதிர்விசையே படகின் பின்புறத்தை மறுபக்கம் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. பாய்ச்சல் இல்லையென்றால் தள்ள ஒன்றுமில்லை. அந்த விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும் என்பதுதான் முக்கியம். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு.

இந்த இடத்தில் கடலுக்குப் போய்ப் பழகிய மாணவர் ஒருவர் மறுத்துப் பேசக்கூடும்: "இன்ஜின் ஓடுனா போட்டு நின்னாலும் சுக்கான் கேக்கும் டீச்சர்." அவர் சொல்வது சரி. விசைப்படகில் சுழலிக்குப் பின்னால் சுக்கான் இருக்கிறது. படகு நகராவிட்டாலும் சுழலி தள்ளும் நீர் சுக்கான் மீது பாய்கிறது. ஆகவே படகின் வேகத்தை விடச் சுக்கான் மீது பாயும் நீரின் வேகமே கணக்கு. இறக்கையின் கீழ் எஞ்சின் தொங்கும் ஜெட் விமானத்தில் எஞ்சின் தள்ளும் காற்று வாலிலுள்ள சுக்கான் மீது பாய்வதில்லை. அதனால் ஓடி வேகம் பெறும்வரை அந்தச் சுக்கான் வலுவற்றதே. இப்படி ஒரு மறுப்பு வந்தால் அன்றைய பாடம் நன்றாகப் போகிறது என்று பொருள்.

நேற்றைய கணக்கைத் தொடர்வோம். சுக்கான் ஈர்ப்பு மையத்திலிருந்து 15 மீட்டர் பின்னால் இருப்பதாகவும், விநாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் அது 45,000 நியூட்டன் விசை தருவதாகவும் கொள்வோம்.

விநாடிக்கு 60 மீட்டர்: 45,000 × 15 = 6,75,000 நியூட்டன் மீட்டர்
விநாடிக்கு 40 மீட்டர்: 20,000 × 15 = 3,00,000 நியூட்டன் மீட்டர்
விநாடிக்கு 20 மீட்டர்: 5,000 × 15 = 75,000 நியூட்டன் மீட்டர்

கட்டம் கட்டிய எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள். 40 மீட்டர் வேகத்தில் சுக்கானும் எஞ்சின் வேறுபாடும் சரிக்குச் சரி. அதற்கு மேல் சுக்கான் வெல்லும். அதற்குக் கீழே, முழுவதும் மிதித்தாலும் விமானம் திரும்பியே தீரும். விநாடிக்கு 40 மீட்டர் என்பது மணிக்கு 144 கிலோமீட்டர். முன்சக்கரத்தின் பிடிப்பை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மெதுவான வேகத்தில் விமானத்தை நேராக வைப்பது பெரும்பாலும் அதுவே. உண்மையான விமானங்களுக்கும் இப்படி ஓர் எல்லை வேகம் உண்டு. ஓர் எஞ்சின் நின்றுபோனால் தரையில் சுக்கானால் மட்டும் நேர்கோட்டைக் காக்க முடிகிற மிகக் குறைந்த வேகம் எது என்று ஒவ்வொரு வகைக்கும் சோதித்து வரையறுத்திருக்கிறார்கள். அந்த வேகத்துக்குக் கீழே பெரிய விசை வேறுபாடு வந்தால் சரியான செயல் ஒன்றுதான்: இரு எஞ்சின்களின் விசையையும் உடனே குறைத்து, ஓட்டத்தைக் கைவிடுவது.

கோவாவில் விலகல் ஓட்டத்தின் தொடக்கத்திலேயே ஏன் நிகழ்ந்தது என்பதை மாணவர்கள் இப்போது தாங்களே எழுதுவார்கள்.

மூன்றாம் பாடவேளை: டென்வர், 2008

இரண்டு எஞ்சின்களும் சமமாக இயங்கின. வேகமும் போதுமானதாக இருந்தது. அப்போதும் விமானம் விலகுமா?

2008 டிசம்பர் 20 மாலை, அமெரிக்காவின் டென்வர் விமான நிலையம். கான்டினென்டல் நிறுவனத்தின் 1404ஆம் எண் விமானம், போயிங் 737-500. உள்ளே 115 பேர். வேகமாக ஓடிக்கொண்டிருந்தபோது இடப்பக்கமாகத் திரும்பி, ஓடுபாதையை விட்டு விலகித் தீப்பிடித்தது. பலர் காயமடைந்தனர்; அனைவரும் உயிர் தப்பினர்.

இதை விளக்கக் காற்றின் பெயர்கள் உதவும். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு பெயர் நம் கடற்கரையில் புழங்குகிறது. பெயர்களை மாணவர்களே சொல்லட்டும். கரும்பலகையில் திசைப்படம் வரைந்து நிரப்புங்கள். அடுத்து ஓடுபாதையின் எண்ணைச் சொல்லிக் கொடுங்கள். ஓடுபாதை முனையில் எழுதியிருக்கும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் அது நோக்கும் திசை பாகையில் கிடைக்கும். நம் தூத்துக்குடி வாகைகுளம் ஓடுபாதையின் எண்கள் 10, 28. அதாவது ஏறக்குறைய 100 பாகை, 280 பாகை. கிழக்கு மேற்காக அமைந்தது. நீண்ட காலம் 1,350 மீட்டராக இருந்த அந்த ஓடுபாதை இப்போது 3,115 மீட்டராக நீட்டப்பட்டுள்ளது. ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது விமானம் எந்த முனையை நோக்கி ஓடுவது நல்லது, ஏன் என்று கேளுங்கள். எதிர்காற்றில் ஓடினால் இறக்கை மீது பாயும் காற்றின் வேகம் கூடும். குறைந்த தொலைவிலேயே மேலெழலாம்.

டென்வரில் விமானம் ஓடிய பாதையின் எண் 34, அதாவது 340 பாகை. கட்டுப்பாட்டுக் கோபுரம் விமானிகளுக்குச் சொன்ன காற்று 270 பாகையிலிருந்து 27 நாட். இடைக்கோணம் 70 பாகை. சைன் 70 பாகையின் மதிப்பு 0.94.

பக்கக்காற்று = 27 × 0.94 = ஏறக்குறைய 25 நாட்

மீன்பிடிக்கப் போவோர் ஜிபிஎஸ் கருவியில் பார்க்கும் அதே நாட்தான். 1 நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். ஆனால் ஓடும்போது விமானம் உண்மையில் சந்தித்தது 45 நாட் வரை உயர்ந்த வீச்சு. 45ஐ 27ஆல் வகுத்து இருமடி காணச் சொல்லுங்கள்: ஏறக்குறைய 2.8. எதிர்பார்த்ததைப் போல 2.8 மடங்கு விசை.

செயல்பாடு 3. ஒரு உறிஞ்சுகுழல், குண்டூசி, பென்சில், அட்டை. உறிஞ்சுகுழலின் பின்முனையில் பெரிய அட்டை வால், முன்முனையில் சிறிய அட்டை மூக்கு. நடுவில் குண்டூசியால் பென்சிலின் அழிப்பான் மீது குத்தி, தடையின்றிச் சுழலவிடுங்கள். மின்விசிறிக்கு முன்னால் பக்கவாட்டில் பிடித்தால் மூக்கு எந்தப் பக்கம் திரும்புகிறது? காற்று வரும் பக்கமே திரும்பும். பெரிய பரப்பு வாலில் இருக்கிறது. காற்று வாலைத் தள்ளுகிறது. மூக்கு காற்றை எதிர்கொள்கிறது. காற்றுத் திசைகாட்டியும் இதுதான். இடப்பக்கக் காற்றில் டென்வர் விமானம் இடப்பக்கம் விலகியதன் அடிப்படையும் இதுதான். விமானி வலப்பக்கச் சுக்கானை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை முடிவை அடுத்து வாசித்துக் காட்டுங்கள். பலத்த வீச்சு வந்த நேரத்தில் விமானத் தலைவர் வலப்பக்கச் சுக்கானை மிதிப்பதை நிறுத்திவிட்டார். தொடர்ந்து மிதித்திருந்தால் விமானத்தை நேராக வைத்திருக்க முடியும். "அப்போ பைலட் தப்புதான்" என்று வகுப்பு சொல்லும். அறிக்கை அதோடு நின்றுவிடவில்லை. அந்த அளவு வீச்சு அவருடைய பயிற்சியையும் அனுபவத்தையும் மீறியது. பயிற்சிக்கான ஒப்புருவாக்கக் கருவிகள் இப்படிப்பட்ட வீச்சுக்காற்றைச் சரியாக உருவாக்கிக் காட்டவில்லை. விமான நிலையத்தில் வேறு காற்றுமானிகள் இருந்தும், அவற்றின் முக்கியமான தகவல் விமானிகளிடம் போய்ச் சேரும் ஏற்பாடு இல்லை.

இதைக் கரும்பலகையில் ஏணிபோல வரைந்து, ஒவ்வொரு படியிலும் "அது ஏன்?" என்று எழுதுங்கள். முதல் படியில் நின்றுவிட்டால் கிடைப்பது ஒருவர் பெயர். அவரை நீக்கினாலும் அடுத்த விமானி அதே பயிற்சியோடு, அதே அரைகுறைத் தகவலோடு, அதே காற்றில் ஓடுவார். கீழ்ப்படி வரை இறங்கினால் பயிற்சியையும் தகவல் வழியையும் திருத்தலாம்.

நான்காம் பாடவேளை: ஹவாய், 1937

காரணம் கடைசிவரை உறுதிப்படாத நிகழ்வு இது. 1937 மார்ச் 20. உலகைச் சுற்றிப் பறக்கும் முயற்சியில் ஹவாய்த் தீவுகளின் லூக் தளத்திலிருந்து அமீலியா இயர்ஹார்ட் புறப்பட்டார். இரட்டை எஞ்சின் லாக்ஹீட் எலெக்ட்ரா விமானம், நிறைய எரிபொருள். ஓட்டத்தின்போது கட்டுப்பாடு தவறிச் சுழன்று, சக்கரத்தாங்கிகள் முறிந்து, வயிறு தரையில் உரசி நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. சக்கரம் வெடித்தது என்றனர் சிலர். தாங்கி முதலில் முறிந்தது என்றனர் சிலர். எஞ்சின் விசையை அவர் கூட்டிக் குறைத்ததே காரணம் என்றனர் வேறு சிலர். இன்றும் தீர்ப்பு இல்லை.

தீர்ப்பு இல்லாவிட்டாலும் இயற்பியல் ஒன்றைச் சொல்கிறது.

செயல்பாடு 4. விளையாட்டுக் கார் ஒன்று, ஒரு மீட்டர் நீளப் பலகை. பலகையைச் சாய்த்து வைத்து, காரின் முன்சக்கரங்களை மட்டும் ஒட்டுநாடாவால் சுழலாமல் கட்டி நழுவவிடுங்கள். பிறகு பின்சக்கரங்களை மட்டும் கட்டி விடுங்கள். எது நேராக வரும் என்று முன்கூட்டியே கையுயர்த்தச் சொல்லுங்கள். முன்சக்கரம் கட்டிய கார் நேராக வழுக்கி வரும்; பின்சக்கரம் கட்டியது சுழன்று பின்புறம் முன்னாகிவிடும்.

உருளும் சக்கரம் பக்கவாட்டில் தரையைப் பிடிக்கும்; வழுக்கும் சக்கரத்துக்கு அந்தப் பிடிப்பு மிகக் குறைவு. பிடிப்பு ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் இருந்தால் சிறிய திரும்பல் தானே சரியாகும். முன்னால் இருந்தால் சிறிய திரும்பல் பெரிதாகும். எலெக்ட்ரா போன்ற அக்கால விமானங்களில் முதன்மைச் சக்கரங்கள் ஈர்ப்பு மையத்துக்கு முன்னால். வாலில் ஒரு சிறு சக்கரம். எந்தக் காரணத்தால் திரும்பத் தொடங்கினாலும், தொடங்கிய திரும்பல் வளரும் அமைப்பு அது. பின்னாளில் மூக்குச் சக்கரம் வந்து, முதன்மைச் சக்கரங்கள் ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் போயின. நம் வாகைகுளத்துக்கு வரும் ஏடிஆர் விமானம் வரை இன்றைய பயணிகள் விமானங்களின் அமைப்பு இதுதான்.

இப்போது ஒரு கேள்வி: 2016 நிகழ்வுக்குக் காரணம் கிடைத்தது, 1937 நிகழ்வுக்குக் கிடைக்கவில்லை. ஏன்? விடை "பதிவானது" என்ற பத்தியில் இருக்கிறது. 1937இல் எஞ்சின் வேகத்தையோ சுக்கானின் நிலையையோ பதிய எந்தக் கருவியும் விமானத்தில் இல்லை. பார்த்தவர்களின் நினைவு மட்டுமே இருந்தது.

பறப்புப் பதிவுக் கருவியை 1950களில் உருவாக்கிய ஆஸ்திரேலிய அறிவியலாளர் டேவிட் வாரன் பற்றி இங்கே சொல்லலாம். 1934இல் பாஸ் நீரிணைக்கு மேல் காணாமல் போன விமானத்தில் அவருடைய தந்தை இருந்தார். அப்போது வாரனுக்கு ஒன்பது வயது. அந்த விமானத்துக்கு என்ன நேர்ந்தது என்பது உறுதியாகத் தெரியவே இல்லை. இந்தப் பகுதியை எங்கள் ஊர் போன்ற இடங்களில் மெதுவாக, மேலும் விளக்கம் சேர்க்காமல் சொல்லுங்கள். கேள்வி கேட்காமல் அமைதியாக இருக்கும் பிள்ளையை அமைதியாக இருக்கவிடுங்கள்.

பழியும் காரணமும்

பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பு விமான விபத்து விசாரணைக்கான விதிகளைத் தருகிறது. விசாரணையின் ஒரே நோக்கம் மேலும் விபத்து நேராமல் தடுப்பது. பழியைப் பகிர்ந்தளிப்பது அதன் நோக்கமில்லை என்பது அதன் அடிப்படை. இந்தியாவில் இப்பணியை விமான விபத்து விசாரணைப் பிரிவு செய்கிறது. குற்றத்தை விசாரிக்க வேண்டியிருந்தால் அதற்குத் தனி வழி உண்டு, இரண்டையும் கலப்பதில்லை.

இந்த வேறுபாடு நம் பிள்ளைகளுக்கு ஏன் வேண்டும்? அவர்களில் பலர் நாளை கடலுக்குப் போவார்கள். உப்பளத்திலும் துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் இயந்திரங்களோடு வேலை செய்வார்கள். அங்கே ஒன்று தவறும்போது "அவன் கவனிக்கவில்லை" என்றோ "விதி" என்றோ சொல்லிப் பேச்சை முடித்துவிடுவது எளிது. இரண்டு விடைகளும் அடுத்த நாள் அதே வேலைக்குப் போகிறவரைக் காப்பதில்லை. காற்று எவ்வளவு, பாரம் எங்கே இருந்தது, எஞ்சின் எப்போது நின்றது, தகவல் யாருக்குப் போய்ச் சேரவில்லை என்று கேட்கத் தெரிந்தவர் காப்பார்.

விடைத்தாளுக்கும் இது பொருந்தும். கணக்கு தவறிய மாணவரின் தாளில் "கவனக்குறைவு" என்று எழுதுவது ஏணியின் முதல் படி. எந்த வரியில் விலகியது, அதற்கு முந்தைய எந்தக் கருத்து நிலைகொள்ளவில்லை என்று பார்ப்பது அடுத்த படி. இந்தப் பாடத்தை நடத்திய வாரத்தில், மாணவர்கள் தங்கள் பழைய தேர்வுத்தாளில் ஒரு தவறை எடுத்து, மூன்று முறை "அது ஏன்?" கேட்டு எழுதட்டும்.

தொடக்க வகுப்புகளுக்கு

நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் கணக்கு வேண்டாம். பெஞ்சு தள்ளுதல், தெர்மாகோல் படகு, காற்றுத் திசைகாட்டி ஆகிய மூன்றும் போதும். ஒவ்வொரு முறையும் "என்ன நடக்கும்?" என்று முதலில் சொல்லவைத்து, பிறகு செய்து, "என்ன நடந்தது?" என்று வரையவைக்கவும். பார்த்ததையும் நினைத்ததையும் இரண்டு நிறத்தில் எழுதும் பழக்கம் இந்த வயதில் எளிதாக ஒட்டிக்கொள்ளும்.

மதிப்பீட்டுக்கு மூன்று வினாக்கள்

1. ஒரு வள்ளத்தில் இருவர் சமமாகத் துடுப்பு போடுகின்றனர். ஒருவர் நடுக்கோட்டிலிருந்து 60 சென்டிமீட்டர், மற்றவர் 40 சென்டிமீட்டர் தொலைவில். வள்ளம் எந்தப் பக்கம் திரும்பும்? நேராகச் செல்ல விசைகளின் விகிதம் என்னவாக இருக்க வேண்டும்?

2. சுக்கானின் விசை விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 800 நியூட்டன். 5 மீட்டர் வேகத்தில் எவ்வளவு? காரணம் கூறுக.

3. ஒரு சைக்கிள் பள்ளி வாயிலில் சறுக்கி விழுந்தது, ஓட்டியவருக்குக் காயமில்லை. பதிவு செய்ய வேண்டிய ஐந்து செய்திகளை எழுதுக. யாருடைய பெயரையும் எழுதக் கூடாது.

மூன்றாம் வினாவுக்கு வரும் விடைகளை வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். மணல் கிடந்தது, பிரேக் கட்டை தேய்ந்திருந்தது, பையின் எடை ஒரு பக்கமாகத் தொங்கியது, வாயிலருகே பாதை வளைகிறது என்று பிள்ளைகள் எழுதியிருந்தால், மறுநாள் காலை அந்த மணலைப் பெருக்கித் தள்ளும் வேலையையும் அவர்களிடமே கொடுக்கலாம்.